நீல அட்டைக் கிராமர் புத்தகம்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், கட்டாயம் வாங்குங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து அதிலுள்ள வசனங்களைத் தமிழில் எழுதிப் பார்க்காவிட்டால் பாதிப் பயன்தான் கிடைக்கும். கேம்பிரிட்ஜ் 1985இல் முதலில் வெளியிட்ட புத்தகம், என்னிடம் இருப்பது 2019இல் வந்த ஐந்தாம் பதிப்பு. யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே நானும் இதில் படித்தேன், இப்போது பின்னேரங்களில் வீட்டுக்கு வருகிற ஓ.எல் (சாதாரண தரம்), ஏ.எல் (உயர்தரம்) பரீட்சைப் பிள்ளைகளுக்கும் இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மொத்தம் 145 பாடங்கள். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, விடைகள் கடைசியில். ஒரு பாடம் இரண்டு பக்கத்தோடு முடிந்துவிடுவதால் களைத்து வந்த நாளிலும் ஒன்றைப் பார்த்துவிடலாம். முதலாம் பாடத்திலிருந்து வரிசையாகப் போகவும் தேவையில்லை, பின்னால் இருக்கிற ஸ்டடி கைட் கேள்விகளைச் செய்தால் எந்த இடத்தில் பலவீனம் என்று அதுவே காட்டிவிடும்.

எதிர்காலம் 19 முதல் 25 வரையான பாடங்களில் வருகிறது. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எதிர்காலம் என்றால் 'வில்' என்று பாடமாக்கிவிட்டு வருகிறார்கள், அதனால் எல்லாவற்றுக்கும் 'வில்' போடுகிறார்கள். நான் முதலில் தமிழைத்தான் கேட்பேன். நாளைக்குக் கொழும்புக்குப் போவதற்கு டிக்கெட் எடுத்தாயிற்று, என்னவென்று சொல்லுவாய்? "நாளைக்குக் கொழும்புக்குப் போறன்." சரி, இங்கிலிஷிலும் அதேதான், 'ஐ ஆம் கோயிங் டு கொழம்போ டுமாரோ', ஒழுங்குபண்ணி முடிந்த காரியத்துக்கு நிகழ்காலம். வானம் கறுத்தால் "மழை வரப்போகுது" என்கிறோம், அதுவும் அப்படியே 'இட்ஸ் கோயிங் டு ரெய்ன்'. நாளைக்கு இந்நேரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பேன், பொங்கலுக்கு முன் படித்து முடித்திருப்பேன் என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வதுதான் 24ஆம் பாடத்தில் இருக்கிற 'வில் பி டூயிங்', 'வில் ஹாவ் டன்'. பெயரைக் கேட்டுப் பயப்படுகிற பிள்ளை, தமிழ் வசனத்தைப் பார்த்தவுடன் தானாகவே எழுதத் தொடங்கிவிடும்.

தமிழ் காலை வாருகிற இடங்களும் உண்டு, அவற்றைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். டெலிபோன் அடிக்கிறது, "நான் எடுக்கிறன்" என்று எழும்புகிறோம். இங்கே நிகழ்காலம் சரிவராது, அந்த நிமிடத்தில் எடுத்த முடிவு என்பதால் 'ஐல் கெட் இட்' என்று 'வில்' வர வேண்டும். இன்னொன்று 'நீ வரும்போது'. அந்த 'வரும்' எதிர்காலம் மாதிரியே இருப்பதால் 'வென் யூ வில் கம்' என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. 'வென் யூ கம்' என்பதுதான் சரி, 25ஆம் பாடம் முழுக்க இதுதான். 'மழை பெய்தால்' என்பதில் எதிர்கால வடிவம் இல்லாததாலோ என்னவோ, 'இஃப்' வசனத்தில் இந்தப் பிழை குறைவாகத்தான் வருகிறது.

ஒரு ஏ.எல் பிள்ளை கேட்டாள், "அக்கா, கோயிங் டு வாற இடத்தில வில் போட்டா பிழையோ?" எப்போதும் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் முதலே யோசித்து வைத்த விசயத்துக்கு 'வில்' போட்டால் இப்போதுதான் முடிவெடுத்த மாதிரிக் கேட்கும் என்றேன். 23ஆம் பாடம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. முழுப் புத்தகத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் அது ஒன்று.

அப்புறம் ஜெரண்ட், அதாவது வினையோடு ஐஎன்ஜி (-ing) சேர்ந்து பெயர்ச்சொல் மாதிரி வருவது. 53இல் தொடங்கி 68 வரை நீளுகிறது, நிறையப் பேர் கைவிடுகிற பகுதியும் இதுதான். 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்', 'சஜெஸ்ட்' இவற்றுக்குப் பின்னால் ஐஎன்ஜி, 'டிசைட்', 'ஹோப்', 'ரெஃப்யூஸ்' இவற்றுக்குப் பின்னால் 'டு'. இதற்குக் காரணம் தேடி மினக்கெடாமல் வசனமாகவே பாடமாக்குவது நல்லது. ஆனால் இரண்டும் வரக்கூடிய வினைகளில் தமிழ் கைகொடுக்கும். 'தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினார்' என்றால் 'ஸ்டாப்ட் ட்ரிங்கிங்', 'தேத்தண்ணி குடிக்க வண்டியை நிறுத்தினார்' என்றால் 'ஸ்டாப்ட் டு ட்ரிங்க்'. கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது என்பதற்கு 'ரிமெம்பர் லாக்கிங்', ஞாபகமாகப் பூட்டினேன் என்பதற்கு 'ரிமெம்பர்ட் டு லாக்'. இந்த வித்தியாசத்தை நாங்கள் சின்ன வயதிலிருந்தே பிழையில்லாமல் கதைத்துக்கொண்டிருக்கிறோம், அதை இங்கிலிஷோடு பொருத்திக் காட்ட ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். உலகம் முழுக்க எல்லா மொழிக்காரருக்கும் பொதுவாக எழுதிய புத்தகத்தில் அது இருக்காது.

வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் 60ஆம், 62ஆம் பாடங்களைத் தவறவிட வேண்டாம். 'லுக்கிங் ஃபோர்வர்ட் டு' என்பதற்குப் பிறகு 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்'. அந்த இடத்தில் 'யுவர் லெட்டர்' என்று ஒரு பெயர்ச்சொல் பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தினால் ஐஎன்ஜி போட வேண்டியதுதான்.

குறை என்று பார்த்தால், ஒரு பாடத்தின் பயிற்சியில் அந்தப் பாட விசயம்தான் வரும், ஆகவே யோசிக்காமலே விடையை நிரப்பிவிடலாம். கலந்து கேட்கிற பயிற்சிகள் புத்தகத்தின் பின்பகுதியில் இருக்கின்றன, ஒரு தொகுதிப் பாடங்கள் முடிந்து ஒரு கிழமை விட்டு அவற்றைச் செய்தால்தான் உண்மையில் எவ்வளவு விளங்கியது என்று தெரியும். கதைக்கிற பழக்கத்தை இது தராது, அதற்கு ஆள் வேண்டும்.

வாங்கும்போது விடைகள் உள்ள பதிப்பா என்று பாருங்கள், விடை இல்லாததும் விற்கிறார்கள், தனியாகப் படிப்பவருக்கு அது கரைச்சல். ஓ.எல் பிள்ளைக்கு அடிப்படையே தளம்பல் என்றால் நீலத்தை விட்டுவிட்டு அதே ஆசிரியரின் சிவப்பு அட்டை 'எசென்ஷியல்' புத்தகத்தில் தொடங்குங்கள்.