காக்னிட்டிவ் காம்ப்ளெக்சிட்டி விதி: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தில், கோடை அலசிப் பிழை காட்டும் ஈஎஸ்லின்ட் என்ற கருவி வெகு காலமாக இருக்கிறது. பயன்படாத மாறி, விட்டுப்போன அரைப்புள்ளி எல்லாவற்றையும் பிடித்துவிடும். ஆனால் படித்தால் தலை சுற்றும் ஃபங்ஷனைக் கண்டுகொள்ளாது. அதற்காகத்தான் சோனார்ஜேஎஸ் என்ற பிளகினிலிருந்து (கூடுதல் விதிகள் தரும் இணைப்பு) காக்னிட்டிவ் காம்ப்ளெக்சிட்டி விதியைச் சேர்த்தோம். ஒரு ஃபங்ஷனைப் படித்துப் புரிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்று அது எண்ணால் அளக்கும், வரம்பைத் தாண்டினால் பிழை காட்டும்.

ஈஎஸ்லின்ட்டிலேயே காம்ப்ளெக்சிட்டி என்றொரு விதி உண்டே என்று கேட்கலாம். அது 1976-இல் தாமஸ் மெக்கேப் என்ற கணினி ஆய்வாளர் சொன்ன கணக்கு. கோட் எத்தனை வழிகளில் பிரிகிறது என்று எண்ணும். மூன்று இஃப் வரிசையாக வந்தாலும் 4, ஒன்றுக்குள் ஒன்றாக வந்தாலும் 4. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றா என்ன? புதிய விதியில் வரிசையாக இருந்தால் 3, உள்ளுக்குள் போனால் 1, 2, 3 என ஏறி 6. எத்தனை கேஸ் இருந்தாலும் சுவிட்ச் தன்னளவில் 1 மட்டுமே. இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் நாம் எங்கே திணறுகிறோமோ அங்கேதான் எண்ணும் ஏறுகிறது.

பழைய கோட்தான் பெரிய தலைவலி. ஈஎஸ்லின்ட் 9.24-இல் வந்த சப்ரஸ் (பழைய மீறல்களை அடக்கி வைக்கும்) வசதியால் இருக்கும் மீறல்களைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்தோம். புதிதாக எழுதுவதற்கு மட்டும் பிழை வரும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அது கோப்புக்கு எத்தனை மீறல் என்று மட்டுமே நினைவில் வைக்கும். ஏற்கெனவே ஒதுக்கிய ஃபங்ஷன் 18-லிருந்து 40-க்குப் போனாலும் சத்தம் வராது. அதை ரிவியூவில்தான், அதாவது சக நிரலாளர் கோடைப் படித்துப் பார்க்கும்போதுதான், பிடிக்க வேண்டும்.

பலன் ரிவியூவில் தெரிந்தது. நிபந்தனை பொருந்தாவிட்டால் மேலேயே ரிட்டர்ன் செய்து வெளியேறுவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ‘இவ்வளவு உள்ளே போக வேண்டுமா?’ என்ற விவாதம் குறைந்து, லாஜிக் சரியா என்று பேச நேரம் கிடைக்கிறது.

எண்ணைக் குறைக்க மட்டும் ஃபங்ஷனை வெட்டுவதும் நடக்கிறது. ஒரே இடத்தில் அழைக்கப்படும், பொருளற்ற பெயர் கொண்ட நாலு துண்டுகளைவிடப் பழைய நீளமான ஃபங்ஷனே மேல். விதிக்குப் பெயரின் தரம் தெரியாது. அதனால் உண்மையிலேயே பிரிக்க முடியாத பார்சர் (உரையை அலசிப் பிரிக்கும் கோட்) போன்ற இடங்களில், விதியை அந்த இடத்துக்கு மட்டும் அணைக்கும் டிஸேபிள் கமென்ட்டை அனுமதிக்கிறோம். பக்கத்திலேயே காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஃபங்ஷனுக்கான வரம்பு, விதியோடு இயல்பாக வரும் 15-இலேயே இருக்கிறது. 10-க்கு இறக்கலாம் என்று அவ்வப்போது பேச்சு வரும். வேண்டாம் என்பதே என் கருத்து: அந்த அளவில் தெளிவான ஃபங்ஷன்களும் மாட்டும், அப்புறம் டிஸேபிள் கமென்ட்டுகளை யாரும் படிக்க மாட்டார்கள்.