குழந்தைகளுக்கான சிஆர்ஆர்டி: ஹெப்பாரினா, சிட்ரேட்டா?

சிறுநீரகம் செயலிழந்து ரத்த அழுத்தமும் தள்ளாடும் குழந்தைக்கு வழக்கமான டயாலிசிஸ் தாங்காது. ரத்தத்தை மெஷின் வழியாக நாள் முழுக்க மெதுவாகச் சுத்திகரிக்கும் சிஆர்ஆர்டி (இடைவிடாத டயாலிசிஸ்) ஒரு நல்ல வழி. குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கலாம், சிட்ரேட்டும் கொடுக்கலாம். எங்கள் ஐசியூவில் இப்போது சிட்ரேட்தான் முதல் தேர்வு.

ஹெப்பாரின் விலை குறைவு, எல்லோருக்கும் பழக்கம், அதிகமானால் முறிக்க புரோட்டமின் உண்டு. ஆனால் அது குழாயோடு நிற்பதில்லை, குழந்தையின் உடம்பு முழுக்கப் பரவுகிறது. டெங்குவிலோ செப்சிஸ் என்னும் கடும் தொற்றிலோ பிளேட்லெட் சரிந்து கிடக்கும் குழந்தைக்கு அது பயமாக இருக்கிறது. சிட்ரேட், ரத்தம் உறையத் தேவையான கால்சியத்தை மெஷினுக்குள் பிடித்துவைத்து உறைதலைத் தடுக்கும். குறையும் கால்சியத்தைத் தனி லைனில் குழந்தைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஃபில்டரின் ஆயுளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2005இல் வந்த, 7 அமெரிக்க மையங்களின் 138 குழந்தைகளைப் பற்றிய ஆய்வில் ஹெப்பாரினுக்குச் சராசரி 42 மணி நேரம், சிட்ரேட்டுக்குச் சுமார் 45, எதுவும் கொடுக்காவிட்டால் 27. ஆனால் மருந்தால் வந்த ஆபத்தான ரத்தக்கசிவு ஹெப்பாரின் பக்கம் மட்டுமே.

சரி, கசிவுக்குப் பயந்து ஹெப்பாரினைக் குறைத்தால்? ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். 5 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 400 மில்லி. சின்ன ஃபில்டர் செட்டே ஏறக்குறைய 60 மில்லி பிடிக்கும் என்பதால் அதை ரத்தத்தால் நிரப்பித்தான் தொடங்குகிறோம். அடைத்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போச்சு. மறுபடி பிளட் பேங்குக்கு ஆள் ஓட வேண்டும், மறுபடி யாரோ ஒருவரின் ரத்தம் அந்தக் குழந்தைக்குள். நான் சிட்ரேட் பக்கம் சாய்ந்தது இதனால்தான்.

சிட்ரேட்டுக்குக் கவனிப்பு அதிகம் வேண்டும். மெஷினை நிறுத்தினால் கால்சியம் பம்பையும் கூடவே நிறுத்த வேண்டும். சிட்ரேட்டைச் செரிப்பது முக்கியமாகக் கல்லீரல். அது தளர்ந்தால் ரத்தத்தில் மொத்தக் கால்சியம் ஏறும், எதோடும் ஒட்டாமல் தனியே இருக்கும் அயனிக் கால்சியம் இறங்கும். மொத்தம் டெசிலிட்டருக்கு 12 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தால் 4ஆல் வகுக்கிறோம், லிட்டருக்கு 3 மில்லிமோல். பிளட் கேஸ் என்ற உடனடி ரத்தப் பரிசோதனையில் குழந்தையின் அயனிக் கால்சியம் 1 மில்லிமோல் என்றால் மொத்தத்துக்கும் அயனிக்கும் விகிதம் 3. அது 2.5ஐத் தாண்டினாலே சிட்ரேட் தேங்குகிறது என்று உஷாராகிவிட வேண்டும்.

கல்லீரல் செயலிழந்த குழந்தைகளில் எங்கள் அனுபவம் குறைவு. அளவைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு; எனக்கு இன்னும் அந்தத் துணிச்சல் வரவில்லை. அப்புறம், நடுராத்திரியில் பிளட் கேஸ் பார்க்க வசதியில்லாத ஐசியூ என்றால் சிட்ரேட்டைத் தொட வேண்டாம், ஹெப்பாரினிலேயே இருங்கள்.