டேட்டோடு எட்டு வருடம்

இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழி ஜாவாஸ்கிரிப்டில் தேதிகளைக் கையாளும் டேட் ஆப்ஜெக்டோடு எட்டு வருடமாகக் குடித்தனம். கழித்தலில் பெரிய சண்டை இல்லை, கூட்டல்தான் அடிக்கடி காலை வாரும்.

ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மில்லிவினாடிகளில் எண் வரும். அதே தேதியோடு 7ஐக் கூட்டிப் பாருங்கள்: நீளமான தேதி வாசகத்தின் வாலில் 7 ஒட்டிக்கொண்டு நிற்கும். சரி, தேதியின் நாள் எண்ணை மாற்றும் செட்டேட் இருக்கிறதே என்று போனேன். கெட்டேட் தரும் நாள் எண்ணோடு 7 சேர்த்துக் கொடுத்தால் ஜனவரி 28 சரியாக பிப்ரவரி 4 ஆகிறது. மாதம் தாண்டுவதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இந்தத் தாராளம்தான் மாதத்தை மாற்றும் செட்மந்த்தில் என்னைக் கவிழ்த்தது. மாதச் சந்தா பக்கம் ஒன்றில், ஜனவரி 31 அன்று சேர்ந்தவருக்கு அடுத்த தவணை மார்ச் 3 என்று காட்டியது. பிப்ரவரி 31 கிடையாதல்லவா, மிஞ்சிய 3 நாட்களை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது; தவணை வராதபோதுதான் தெரியும். இப்போதெல்லாம் மாதத்தைக் கூட்டியதும், நாள் மாறிப்போயிருந்தால் செட்டேட்டுக்கு 0 கொடுத்துவிடுகிறேன். முந்தைய மாதத்தின் கடைசி நாளுக்குத் திரும்பிவிடும்.

இன்னொரு தலைவலி, செட் வகை எல்லாமே மூலத் தேதியையே மாற்றிவிடும். மாறக் கூடாது என்று கான்ஸ்ட் போட்டு அறிவித்தாலும் காப்பாற்றாது. நகல் எடுத்துக்கொண்டு தொடுவதே பழக்கமாகிவிட்டது.

இடைப்பட்ட நாட்களை எண்ண, வித்தியாசத்தை ஒரு நாளின் மில்லிவினாடிகளான 8,64,00,000ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்கினேன். கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் நாடுகளில் அந்த ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான். கணக்கில் ஒரு நாள் காணாமல் போனது. இரண்டு தேதிகளையும் கோடை மாற்றம் இல்லாத உலகப் பொது நேரமான யுடிசியில் அமைத்துவிட்டு வகுத்த பிறகு தொல்லை இல்லை.

நடுவில் தேதிக் கணக்குக்கான மொமென்ட் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினேன். வசதிதான், ஆனால் அதைப் பராமரிப்பவர்களே 2020இல் புதிய வேலைகளுக்கு வேறு நூலகம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் டேட்டுக்கு மாற்றாக ஜாவாஸ்கிரிப்டிலேயே வரும் டெம்போரல். 2025இல் ஃபயர்ஃபாக்ஸ் 139இலேயே வந்துவிட்டது. நேரம் சேராத வெறும் தேதிக்கான அதன் பிளெய்ன்டேட்டில் ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரியின் கடைசி நாளில் நிற்கிறது, மூலத் தேதியும் அப்படியே இருக்கிறது. மாதங்களும் 1இலிருந்து தொடங்குகின்றன. டேட்டில் ஜனவரி 0 என்பது இன்றுவரை என் விரலுக்குப் பழகவில்லை.

பழைய பக்கங்களில் அந்த செட்டேட் 0 வரி இன்னும் இருக்கிறது. அதற்காக, டெம்போரல் இல்லாத உலாவிகளிலும் அதை ஓடவைக்கும் பாலிஃபில் நிரலை ஏற்றும் அளவுக்கு அங்கே வேலை இல்லை.