டர்போ கார்க்காரர் கவனத்துக்கு: 'ஸ்டேஜ் வன் கிட்' என்று சொன்னால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ

திருகோணமலைப் பக்கம் வேகன் ஆர் ஸ்டிங்ரே டர்போ, ரைஸ், சுவிஃப்ட் ஆர்எஸ் டர்போ ஓடுகிற ஆட்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ. டவுனில் ஒரு கராஜில் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 'ஸ்டேஜ் வன் கிட்', அதாவது எஞ்சின் வலுவைக் கூட்டுகிற முதல் கட்டச் சாமான் என்று சொல்லி என்னுடைய ஸ்டிங்ரேக்குச் செய்த வேலை இது.

பேச்சு நல்ல பேச்சு. "அண்ணே, ஜப்பான்காரன் இதை 64 குதிரைவலுவில கட்டிப் போட்டிருக்கிறான். நாங்க அவிழ்த்து விட்டா 90 வரும்." முதல் பாதி உண்மைதான். 'கெய்' என்கிற சின்ன எஞ்சின் கார்களை 64க்கு மேலே கொண்டுபோவதில்லை என்று ஜப்பான் கொம்பனிகள் தங்களுக்குள் வைத்திருக்கிற ஒழுங்கு, 1987இல் சுசுகி ஆல்டோ வர்க்ஸ் வந்த காலத்திலிருந்து இருக்கு. அதனாலேயே மற்றப் பாதியும் உண்மை மாதிரிக் கேட்டது.

பூட்டினது கூம்பு எயார் ஃபில்டர், மிதியிலிருந்து காலை எடுக்கும்போது டர்போவில் மிஞ்சின காற்றை 'புஸ்' என்று ஊதி விடுகிற புளோ ஓஃப் வால்வு, ஒரு கறுத்த 'சிப் பெட்டி'. அபயபுரச் சந்தி தாண்டி கந்தளாய் ரோட்டில் மிதித்துப் பார்த்தேன். சத்தம் மட்டும் ரேஸ் கார். பிறகு பெற்றோல் கூடக் குடித்தது, செக் எஞ்சின் லைட்டும் எரிந்தது. கேட்டால், "பெற்றோல் சரியில்லை, 95 அடியுங்கோ" என்றார்கள். அடித்தேன், லைட் அணையவில்லை.

வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போனபோது கார் ஃபெயில். கிண்ணியாவில் ஒரு பாஸ் ஸ்கேனரைச் செருகினார். பி0172 என்று கோட் வந்தது, கலவையில் பெற்றோல் கூட என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றினால் கரி. பிறகு அந்தப் பெட்டியைக் கத்தியால் நெம்பித் திறந்தார். உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் (மின்தடை), ஒரு சிவப்பு எல்இடி. அவ்வளவுதான்! உள்ளே போகிற காற்றின் வெப்பத்தை அளக்கிற சென்சர் வயரை வெட்டி, அந்தப் பெட்டியின் வயரை நடுவில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள்.

அந்த சென்சரில் தடை கூடினால் காற்று குளிர் என்றுதான் ஈசியூ (எஞ்சினின் கொம்பியூட்டர்) எடுக்கும், பெற்றோலைக் கூட ஊற்றும். அதாவது திருகோணமலை வெயிலில் வேகிற எஞ்சினுக்கு 'நீ நுவரெலியாவில் நிற்கிறாய்' என்று சொல்ல 85,000. சூட்டுக் காற்றிலே எஞ்சின் நொக் அடித்தால், அதாவது கலவை தானாக வெடித்துத் தட்டினால், நொக் சென்சர் அதைப் பிடித்து, ஈசியூ இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். இருந்த இழுவையும் போகும். கூம்பு ஃபில்டரையோ மூடி ஒன்றும் இல்லாமல் டர்போவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். போனட்டுக்குள் கொதிக்கிற காற்றைத்தான் அது இழுக்கிறது. வால்வுக்குக் குதிரைவலுவோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

எல்லா மாற்றுச் சாமானும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. டர்போ அமுக்குகிற காற்றைக் குளிராக்குகிற நல்ல இண்டர்கூலர் எங்கள் சூட்டுக்குப் பிரயோசனம். ஈசியூவை முறையாக ட்யூன் பண்ணி, குதிரைவலுவை அளக்கிற டைனோ மெஷினில் ஏற்றி முன்னும் பின்னும் எடுத்த கிராஃபைக் கையில் தந்தால் காசுக்குப் பெறுமதி. என்ன, எங்கள் ஓட்டத்துக்கு எண்ணெயை நேரத்துக்கு மாற்றி, நல்ல பிளக் போட்டாலே டர்போ சந்தோஷமாக ஓடும்.

கராஜில் காசு திருப்பித் தரவில்லை. பில்லும் தராதவர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லலாம், ஆனால் பில் இல்லாமல் என்னத்தைக் காட்டுகிறது? கழற்றின பழைய சாமானையும் கையோடு கேட்டு வாங்குங்கோ. என்னுடைய ஒரிஜினல் எயார் ஃபில்டர் பொக்ஸை "அது குப்பைக்குப் போட்டுட்டம்" என்றார்கள். ஸ்டிங்ரே டர்போவுக்குரிய ஒன்று யாரிடமாவது இருந்தால் விலையோடு இன்பொக்ஸ் வாங்கோ.