கையால் பூட்டும் ஹப்புகளோடு ஆறு குளிர்காலங்கள்

என் நான்கு சக்கர இயக்க (4WD) வண்டியின் முன் சக்கரத்தின் நடுவில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டயல். சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் செய்யும் ஹப்பின் டயல் அது. ஒரு பக்கம் ‘ஃப்ரீ’, மறுபக்கம் ‘லாக்’. இடது சக்கரத்தில் ஒன்று, வலது சக்கரத்தில் ஒன்று. ஆறு குளிர்காலங்களாக இவற்றைத் திருகி வருகிறேன். இந்த வண்டி என்னிடம் இருக்கும்வரை, தானாகப் பூட்டிக்கொள்ளும் வகைக்கு மாற மாட்டேன். ஆனால் இவற்றைச் சரியாகப் பயன்படுத்தக் கற்பதற்குள் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. மற்றவர்களுக்கு அந்த இரண்டும் மிச்சமாகட்டும் என்றே எழுதுகிறேன்.

முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பற்சக்கரத் தொகுதியான நடு டிஃபரென்ஷியல் என் வண்டியில் கிடையாது. லீவரை ஃபோர் ஹைக்கு, அதாவது நான்கு சக்கர இயக்க நிலைக்குத் தள்ளினால், விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டுகளான முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். எஞ்சினின் விசை முன் ஆக்சிலின் முனைவரை வந்து நிற்கும். அங்கிருந்து சக்கரத்துக்குப் போக ஹப் ‘லாக்’கில் இருக்க வேண்டும். ‘ஃப்ரீ’யில் இருந்தால் சக்கரம் தன் பேரிங்கில் தனியாகச் சுழலும், டூ ஹையில் (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் நிலை) ஓடும்போது முன்பக்க ஆக்சில், டிஃபரென்ஷியல், ஷாஃப்ட் எல்லாம் ஓய்வாகக் கிடக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விற்பனைக்கு வந்த ராணுவ ஜீப்புகளைச் சாதாரணச் சாலைக்கு ஏற்றவையாக்க, 1948இல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் இத்தகைய ஹப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். ஆக, இது காய்ந்த சாலையை மனத்தில் வைத்துப் பிறந்த பொருள். பனிக்காலத்தில் இதற்கு ஒரே வேலைதான்: பூட்டியபடி இருப்பது. இந்த எளிய உண்மைதான் எனக்குத் தாமதமாகப் புரிந்தது.

முதல் குளிர்காலத்தில், பனி விழுந்தால் இறங்கிப் பூட்டுவேன். சாலை தெளிந்தால் மறுபடி இறங்கித் திறப்பேன். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக நினைப்பு. இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு மாலை, வளைவைத் தாண்டிய ஏற்றத்தில் பின் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. வண்டி மெல்லப் பின்னால் வழுக்கி ஓரத்து மேட்டில் சாய்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரங்கள் பாதி பனிக்குள் புதைந்திருந்தன. டயல் இருக்கும் இடமே தெரியவில்லை. கையால் தோண்டி, கையுறையைக் கழற்றி, விறைத்த விரல்களால் திருகினேன். வலது பக்கம் பூட்டியது. இடது பக்கம் டயல் ‘லாக்’ வரை வந்தது. உள்ளே பற்கள் கோத்துக்கொள்ளவில்லை. ஃபோர் லோவில் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான, வலுவான கியர்) போட்டு முயன்றபோது இடது ஆக்சில் மட்டும் சும்மா சுற்றியது. இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் முன் டிஃபரென்ஷியல் சாதாரண ஓபன் வகை என்பதால் தடையில்லாத பக்கத்துக்கே சுழற்சி முழுவதும் ஓடிவிடும். பூட்டிய வலது சக்கரமும் அசையாது. இரண்டில் ஒரு ஹப் விடுபட்டாலும் முன் ஆக்சிலால் துளிப் பயன் இல்லை. மண்வெட்டியும் பின் டயருக்கான சங்கிலியும் இருந்ததால் இருட்டிய பிறகு வெளியே வந்தேன்.

காரணம் கிரீஸ். சில மாதங்களுக்கு முன் பேரிங் வேலை பார்த்த மெக்கானிக், ஹப்பின் உட்பகுதி முழுவதையும் கெட்டியான பேரிங் கிரீஸால் அடைத்திருந்தார். என் ஹப்பில் டயலைத் திருகும்போது ஒரு ஸ்பிரிங் அழுந்துகிறது. அந்த ஸ்பிரிங்தான் பல் வளையத்தைத் தள்ளிக் கோக்க வைக்கிறது. குளிரில் கிரீஸ் இறுகிவிட்டால் ஸ்பிரிங்கின் பலம் போதாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் கழற்றினேன். பழைய கிரீஸைக் கழுவித் துடைத்து, கடுங்குளிரிலும் இளகியிருக்கும் வகையை விரல்நுனியால் மெல்லிய பூச்சாக மட்டும் தடவினேன். பேரிங்குக்குக் கிரீஸ் தாராளமாக வேண்டும், பல் வளையத்துக்குப் பளபளப்பு தெரியும் அளவே போதும். தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங்கையும் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டேன். உள்ளே கசியும் கொஞ்சம் தண்ணீர் இரவில் பனிக்கட்டியாகி இதே சிக்கலைத் தரும். அதன்பின் டயல் இரண்டு விரல்களுக்கே அடங்குகிறது. விரல்களுக்கு மசியாத டயலைக் குறடு போட்டுத் திருகாதீர்கள். உடைவது டயலாகத்தான் இருக்கும். வண்டியை ஓரடி முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். பற்கள் நேராக வந்ததும் தானே விழும்.

மூன்றாம் குளிர்காலத்திலிருந்து முதல் பனிக்கு முன்பே பூட்டிவிடுகிறேன். வசந்தம் வரை திறப்பதில்லை. ‘பூட்டியபடி காய்ந்த சாலையில் ஓடினால் உடைந்துவிடாதா?’ என்று கேட்பவர்கள் ஹப்பையும் லீவரையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஹப் பூட்டியிருந்தும் லீவர் டூ ஹையில் இருந்தால் வண்டியைத் தள்ளுவது பின் சக்கரங்கள் மட்டுமே. முன் சக்கரங்கள் ஆக்சிலைச் சேர்த்துச் சுழற்றும், அவ்வளவுதான். ஆபத்து, காய்ந்த சாலையில் ஃபோர் ஹையில் வளைப்பது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் போகின்றன. பிணைந்த ஷாஃப்ட்டுகளில் அந்த வித்தியாசம் முறுக்காக ஏறுகிறது. பனியில் டயர் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும், தாரில் விடாது.

ஹப்பைப் பூட்டியே வைப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை, ஓடிக்கொண்டிருக்கும்போதே லீவரை மாற்றலாம் என்பது. முன் ஷாஃப்ட் ஏற்கெனவே சுழல்வதால், நேராக ஓடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஃபோர் ஹை மெத்தென்று விழுகிறது. ஹப் திறந்திருக்கும்போது இதைச் செய்தால், நிற்கும் பல்லோடு ஓடும் பல் உரசிக் கரகரக்கும். நிழலில் உறைந்த ஒரு துண்டு, அடுத்த வளைவில் வெயில் காய்ந்த தார், மறுபடி பனி என்று மாறிமாறி வரும் மலைப்பாதையில் இந்த வசதிக்கு ஈடில்லை. ஃபோர் ஹையில், இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் (காலை எடுத்ததும் எஞ்சினே வேகத்தைக் குறைப்பது) நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுவதால் பின்பக்கம் வீசுவது குறைகிறது. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் மட்டும் குறையாது. பிரேக் எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு, பிடிப்பு டயருக்குத்தான் வேண்டும்.

இதற்குக் கொடுக்கும் விலை: ஸ்டீயரிங்கில் சிறிது கனம், வேகத்தில் ஒரு மெல்லிய முனகல், கொஞ்சம் கூடுதல் எரிபொருள். அந்தக் கூடுதல் எவ்வளவு என்று என்னால் பிரித்தறிய முடிந்ததில்லை, குளிரே எஞ்சினை அதிகம் குடிக்க வைக்கிறது.

தானாகப் பூட்டும் ஹப் வேண்டாம் என்பதற்கும் பனியில் கண்டதே காரணம். நண்பரின் பழைய வண்டியில் இருந்த வகை, திசை மாறும்போது ஒரு கணம் விட்டுவிட்டுத்தான் மறுபடி பிடிக்கும். பனியில் சிக்கினால் முன்னும் பின்னும் ஆட்டித்தான் வெளியே வர வேண்டும். பிடி தேவைப்படும் அந்த நொடியில் அது நழுவுகிறது.

சாலையில் தூவும் உப்பு அலுமினிய டயலை அரிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவி, டயலை இரு முனைவரையும் திருகிவிட்டுத் திரும்பப் பூட்டுகிறேன். திறக்க மறுத்தால் லீவரை டூ ஹைக்குக் கொண்டுவந்து சில மீட்டர் பின்னால் ஓட்டுங்கள். முறுக்கு இறங்கி டயல் இளகும். கோடையில் மாதம் ஒருமுறையாவது பூட்டி, டூ ஹையிலேயே பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுவதும் அவசியம். ஓய்ந்து கிடக்கும் டிஃபரென்ஷியலில் எண்ணெய் மேல் பேரிங்குகளுக்கு ஏறாது.

பூட்டியதை டயலை மட்டும் பார்த்து நம்புவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் முதல் பனிக்கு முன், சமதளத்தில் பின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, கைப்பிரேக் போட்டு, லீவரை டூ ஹையில் வைத்து, ஒவ்வொரு முன் சக்கரமாக ஜாக்கில் தூக்குகிறேன். சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது உட்புறம் தெரியும் ஆக்சில் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுழல வேண்டும். இடது பக்கத்தை இரண்டு முறை சுழற்றிப் பார்க்கிறேன்.