கரையில் சொறி, பாரில் பவளம்: எதை வைத்து எதைப் பிரிப்பது?

இரண்டு நாள் விடாமல் காற்று கரையை நோக்கி அடித்தால், சென்னைக் கடற்கரை மணலில் நீல நீலமாக ஏதாவது ஒதுங்கிக் கிடக்கும். நாம் எல்லாவற்றையும் ஜெல்லி மீன் என்று சொல்லிவிடுகிறோம். மீனவர்களுக்கு அது சொறி. ஆனால் அந்த நீலத்துக்குள் ஒன்று சும்மா அரிக்கும், இன்னொன்று ஆளையே சுருட்டிப் போட்டுவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகிற எவருக்கும் தேவை.

முதலில் பைசாலியா. இதற்கு அடையாளம் பை. ஊதிக் கட்டிய பிளாஸ்டிக் கவர் மாதிரி காற்றடைத்து நிற்கும். மேல் விளிம்பில் மடிப்பு மடிப்பாக ஒரு கொண்டை, அதில் லேசான ரோஸ் நிறம். அடியில் கருநீல விழுதுகள். கடலில் இவை 10 மீட்டருக்கு மேலும் நீளும். பை தூரத்தில் மிதக்கிறது என்று நினைத்து நிற்பவர் காலில் விழுது சுற்றியிருக்கும். கரையில் செத்துக் காய்ந்த விழுதும் கொட்டும். உண்மையில் இது ஒரு தனி உயிரே அல்ல. மிதக்க, பிடிக்க, செரிக்க என்று வேலை பிரித்துக்கொண்ட பல உடல்கள் ஒட்டி வாழும் கூட்டம். உலகம் முழுக்க ஒரே இனம் என்று நெடுநாள் கருதப்பட்டதை, 2025இல் மரபணு ஆய்வு நான்கு இனங்களாகப் பிரித்தது.

இதனோடு குழப்பப்படுவது போர்பிட்டா என்ற நீலப் பொத்தான். பையே கிடையாது. பத்து ரூபாய் நாணயம் அளவில் தட்டையான ஒரு வில்லை, அதில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள், சுற்றிலும் நீலக் குஞ்சம். மணலில் பார்த்தால் குஞ்சம் நனைந்த நூல் மாதிரி ஒட்டிக் கிடக்கும். ஒரு தட்டில் கடல்நீர் ஊற்றி, குச்சியால் தள்ளி உள்ளே விட்டால் மெல்ல விரியும். ஒவ்வொரு இழையிலும் குண்டூசித் தலையை விடச் சிறிய முண்டுகள் வரிசையாகத் தெரியும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு! கொட்டினாலும் பெரும்பாலானவர்களுக்கு அரிப்போடு போய்விடும். வில்லையின் மேல் சாய்வாக ஒரு பாய் நின்றால் அது வெலெல்லா, இதன் நெருங்கிய உறவு.

மூன்றாவதாக, பல்லி போலக் கைகளை விரித்துக் கிடக்கும் நீல டிராகன். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 2023 டிசம்பரில் பெசன்ட் நகரில் ஒதுங்கியபோது பலர் இதையும் ஜெல்லி மீன் என்றார்கள். இது ஓடில்லாத நத்தை வகை. மேலே சொன்ன இரண்டையும் தின்று, அவற்றின் கொட்டும் செல்களைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கையில் எடுக்கவே கூடாது.

நிஜமான சொறிகளில் நிலாச் சொறியைப் பிரிப்பது எளிது: குடையின் நடுவில் நான்கு குதிரை லாடங்கள். அஞ்ச வேண்டியது பெட்டிச் சொறி. குடை வட்டமாக இல்லாமல் நான்கு மூலையோடு இருக்கும், விழுதுகள் அந்த மூலைகளிலிருந்து மட்டுமே தொங்கும். அதற்கு 24 கண்கள் உண்டு. நம் கண்ணுக்குத்தான் அது தண்ணீரில் தெரியாது. பெட்டிச் சொறி கொட்டினால் வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள். பைசாலியாவுக்கு வினிகர் நல்லதா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கடல்நீரால் இழைகளை அலசி எடுத்துவிட்டு, 45 டிகிரி சூட்டில் வெந்நீர் 20 நிமிடம் என்பதே பரவலான பரிந்துரை. மணல் போட்டுத் தேய்ப்பது தப்பு. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைதான்.

சரி, தண்ணீருக்குள் போவோம். மன்னார் வளைகுடாப் பார்களில், அதாவது கடலடிப் பவளத் திட்டுகளில், குழப்பம் வேறு மாதிரி. பூப்பூவாக விரிந்து ஆடுகிற எல்லாமே கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிர் மாதிரி தெரியும். இங்கே நிறத்தை நம்பாதீர்கள், கைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் சரியாக எட்டுக் கை, ஒவ்வொரு கையின் இரு ஓரத்திலும் இறகு மாதிரி பிசிறு என்றால் மென்பவளம் அல்லது கடல் விசிறி. பிசிறில்லாத வழவழப்பான கைகள், ஆறின் மடங்கில் என்றால் கற்பவளம் அல்லது சாமந்தி. கற்பவளங்களில் கோனியோபோரா என்பதற்கு 24 கை, அதே ஜாடையில் இருக்கும் ஆல்வியோபோராவுக்கு 12. இரண்டின் அடியிலும் கல் இருக்கும். சாமந்திக்குக் கல் கிடையாது, தசைப் பாதம்தான். நெருங்கினால் சுருக்குப் பை மாதிரி இழுத்துக்கொள்ளும்.

அடியில் இருக்கும் அந்தக் கல்லை, அதாவது பவளத்தின் எலும்பை வைத்துப் பிரிக்கலாமே என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. லட்சத்தீவில் கிடைக்கும் நீலப் பவளத்தை உடைத்தால் உள்ளே கல் நீலமாக இருக்கும். கல் இருப்பதால் கற்பவளம் என்று நினைப்போம், எண்ணினால் எட்டுக் கை. செந்நிறக் குழல்களை அடுக்கி வைத்தது போன்ற குழல் பவளமும் அப்படித்தான். தீப்பவளம் ஒன்றில் மட்டும் எலும்பு நன்றாகக் கைகொடுக்கும். கற்பவளத் துண்டை வெயிலில் திருப்பினால் சின்னக் கிண்ணங்களும் அவற்றுக்குள் நடுவை நோக்கிப் போகும் தகடுகளும் தெரியும். தீப்பவளத்தில் கிண்ணமே இருக்காது, ஊசியால் குத்தியது போன்ற துளைகள்தான். பவளம் என்று பெயரே தவிர, உறவுமுறையில் அது பைசாலியா பக்கம். தொட்டால் எரிவதும் அதனால்தான்.

ஒதுங்கிய துண்டைப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். கற்பவளம், கரும்பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல் விசிறி எல்லாம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. போட்டோ போதும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயம். அப்புறம் தண்ணீருக்குள் எடுப்பதாக இருந்தால் முழுப் பவளத்தையும் எடுக்காமல் ஒரே ஒரு பூவை நெருக்கமாக எடுங்கள், வீட்டில் பெரிதாக்கிக் கைகளை எண்ணிக்கொள்ளலாம்.