டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா, வாளியா?

மும்பை மாட்டுங்கா வீட்டில் 11 வருடம் ஓடிய, மேலே திறக்கும் டாப் லோட் வாஷிங் மெஷின் போன மாதம் நின்றுவிட்டது. ரிப்பேர் பார்க்க வந்தவர் உள்ளிருந்த வலைப்பையைக் கழற்றி என் கையில் வைத்தார். எலிக்குஞ்சு அளவுக்கு ஈரமான சாம்பல் நிறப் பிசிறு. பிரித்துப் பார்த்தால் அம்மாவின் சிந்தெடிக் சேலை ஊதாவும் மகனின் விளையாட்டுச் சட்டை மஞ்சளும் தெரிந்தன. வலையில் தங்கியதே இவ்வளவு என்றால், நழுவிப் போனது எவ்வளவு?

5 மி.மீ.க்கும் சிறிய பிளாஸ்டிக் துகளைத்தான் நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். சிந்தெடிக் துணியின் பிசிறும் அதில் சேரும். துகளாகவே கடலுக்குப் போய்ச் சேர்கிறவற்றில் 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருகிறது, 28 சதவீதம் டயர் தேய்வதால் வருகிறது என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். 2017-இல் மதிப்பிட்டது. நொறுங்கும் பைகளும் பாட்டில்களும் இதில் சேராது, அது தனிக் கணக்கு. மழைக்காலப் பேரலை மரீன் டிரைவில் வாரியிறைக்கும் குப்பை அந்தக் கணக்கில் வரும். நம் வீட்டுப் பிசிறு சாக்கடை வழியாகப் போகிறது. வொர்லி, பாந்த்ரா நிலையங்களிலிருந்து கழிவுநீர்க் குழாய்கள் கடலுக்குள் 3 கி.மீ.க்கு மேல் நீள்கின்றன.

டாப் லோடில் விலை குறைவு, குனிய வேண்டாம், மறந்துபோன துண்டை நடுவிலும் போடலாம். ஆனால் துணி நிறையத் தண்ணீரில் புரள்கிறது. 2016-இல் கலிஃபோர்னியாவில் செய்த சோதனையில் டாப் லோட், முன்பக்கம் திறக்கும் ஃப்ரண்ட் லோடைவிட சுமார் ஏழு மடங்கு இழை உதிர்த்தது. சோதித்தது ஜாக்கெட்டுகளை. அந்த ஏழு மடங்கை நம் சேலைக்கும் சட்டைக்கும் நான் அப்படியே பொருத்த மாட்டேன், என்றாலும் எந்தப் பக்கம் சாய்வது என்பது தெரிகிறது.

ஃப்ரண்ட் லோடிலும் ஒரு சிக்கல் உண்டு. மென்துணிகளுக்கான சுழற்சி (டெலிகேட்) மென்மையானது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2019-இல் பார்த்தபோது, சாதாரணச் சுழற்சியைவிட அதில்தான் சுமார் 8 லட்சம் இழைகள் கூடுதலாக வந்தன. காரணம், அதில் தண்ணீர் அதிகம். ஆகவே டிரம் நிறையப் போட்டு, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம். கீழே முன்பக்கத்தில் இருக்கும் வடிகட்டியை நம்ப வேண்டாம். அது காசையும் பட்டனையும் பிடித்துப் பம்பைக் காப்பாற்றுவதற்கு.

வாளியில் அலசினால் மெஷினைவிடக் குறைவாகத்தான் உதிர்கிறது. சோப்புத்தூளில் ஊறவைத்துத் தேய்த்தால் கூடிவிடுகிறது. காலையில் தண்ணீர் வரும் நேரத்துக்குள் ஐந்து பேர் துணியை முடிக்க வேண்டிய வீட்டில், அது அம்மாவின் முதுகுமேல் ஏற்றும் சுமை. நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வலைப்பைக்குள் துணியைப் போட்டுத் துவைப்பதும் உண்டு. பிளிமத் பல்கலைக்கழகம் 2020-இல் ஆறு சாதனங்களை ஒப்பிட்டது: மெஷினுக்கு வெளியே பொருத்தும் வடிகட்டி ஒன்று இழைகளில் 78 சதவீதம் பிடித்தது, பை 54, டிரம்முக்குள் போடும் பந்து 31. பிரான்ஸ், புது மெஷின்களில் வடிகட்டி வேண்டும் என்று 2020-லேயே சட்டத்தில் எழுதிவிட்டது. நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் வடிகட்டி உண்டா என்ற என் கேள்விக்கு விற்பனையாளர்கள் சிரித்தார்கள்.

பருத்திக்கு மாறிவிட்டால் தொல்லை விட்டது என்று ஊரிலிருந்து தம்பி சொல்கிறான். திருநெல்வேலி வெயிலில் உட்கார்ந்து சொல்வது எளிது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே கூரைக்கொடியில் தொங்கும் பருத்தி வேட்டி மூன்றாம் நாளும் ஈரவாடை அடிக்கும். பாலியெஸ்டர் மறுநாளே காய்ந்துவிடும். பிளிமத்தின் 2016 சோதனையில் 6 கிலோ சலவைக்குப் பாலியெஸ்டர் சுமார் 5 லட்சம் இழை உதிர்த்தது, அக்ரிலிக் 7 லட்சத்துக்கும் மேல், பருத்தி கலந்த பாலியெஸ்டர் சுமார் 1.4 லட்சம்தான். எனவே மழை மாதங்களுக்குக் கலப்புத் துணி, மற்ற மாதங்களுக்குப் பருத்தி. அக்ரிலிக் ஸ்வெட்டர் மும்பைக்கு எதற்கு?

ஃப்ரண்ட் லோட் வாங்கிவிட்டோம், கூடவே ஒரு பையும். முதல் சலவை முடிந்ததும் அம்மா அந்தப் பையை எடுத்துப்போய், பழைய வலையை 11 வருடம் கழுவியதைப் போலவே, குழாயடியில் பிடித்துச் சுத்தமாக அலசிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் குழாயை மூடினேன். இப்போது பிசிறை விரலால் வழித்து, பழைய தமிழ் நாளிதழில் மடித்து, குப்பைக்கூடையில் போடுகிறோம்.